டெர்ரி விட்ட இடத்திலிருந்து

1977 மார்ச் மாதம். கனடாவின் மேற்குக் கரையோரம் உள்ள போர்ட் கொகிட்லம் ஊரைச் சேர்ந்த 18 வயது டெர்ரி ஃபாக்ஸ், வலது முழங்கால் வலி தாங்காமல் மருத்துவமனைக்குப் போனார். கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறவர். ஆட்டத்தில் பட்ட அடியாக இருக்கும், போட்டிகள் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் பொறுத்திருந்தார். வந்திருந்தது ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய். முழங்காலுக்கு 15 சென்டிமீட்டர் மேலே காலை வெட்டி எடுத்தார்கள்.

அப்போது மருத்துவர்கள் அவரிடம் இரண்டு எண்களைச் சொன்னார்கள். பிழைப்பதற்கு 50 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இரண்டே ஆண்டுகளுக்கு முன் இந்த நோய் வந்திருந்தால் 15 சதவீதம்தான் சொல்லியிருப்போம்.

காலை இழந்து படுத்திருக்கும் ஒரு பையனுக்கு இரண்டாவது எண் காதில் விழாமலே போயிருக்கலாம். டெர்ரிக்கு அதுதான் மனதில் நின்றது. இடைப்பட்ட காலத்தில் யாரோ எங்கோ உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள், அந்த வேலைக்கு யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள், நான் உயிரோடு இருப்பது அதனால்தான் என்று அவருக்குப் புரிந்தது. பிறகு பணம் திரட்ட அவர் ஓடிய ஓட்டம் முழுவதும் இந்தப் புரிதலிலிருந்து பிறந்தது. ஊன்றுகோல் வாங்கவோ கட்டில் வாங்கவோ அவர் கையேந்தவில்லை. ஆராய்ச்சிக்கு என்று சொல்லித்தான் கேட்டார்.

டெர்ரிக்கு வந்ததைப் போன்ற அரிய புற்றுநோய்க்கு ஒருவரைப் பறிகொடுத்த குடும்பங்களும் ஊர்களும், போனவர் பெயரில் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவது இன்று பல நாடுகளில் நடக்கிறது. அந்தப் பணம் பெரும்பாலும் சிறு பணம். ஆனால் மருந்து நிறுவனங்களும் அரசுகளும் கால் வைக்கத் தயங்கும் இடத்துக்கு அதுதான் முதலில் போய்ச் சேருகிறது.

அந்த 35 சதவீதம் எங்கிருந்து வந்தது?

ஆஸ்டியோசார்கோமாவில் காலை எடுத்துவிட்டால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது. நோய் தெரியவரும் நேரத்திலேயே, எந்தப் படத்திலும் பிடிபடாத அளவுக்கு நுண்ணிய புற்றுச் செல்கள் நுரையீரலுக்குப் போய்த் தங்கியிருக்கும். பிள்ளை ஒற்றைக் காலோடு வீடு திரும்பும். ஓராண்டுக்குள் இருமலோடு மறுபடி வரும். 15 சதவீதம் என்றால் அதுதான் அர்த்தம்.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நார்மன் ஜாஃபி, எமில் ஃப்ரை என்ற மருத்துவர்கள் துணிச்சலான ஒரு வழியைச் சோதித்தார்கள். மெத்தோட்ரெக்சேட் மருந்தை உடல் தாங்க முடியாத அளவுக்கு ஏற்றுவது. சில மணி நேரம் கழித்து, அதன் நஞ்சை முறிக்கும் இன்னொரு மருந்தைக் கொடுத்து நோயாளியை மீட்பது. 1974-ல் அதன் முடிவுகள் வெளிவந்தன. ஏறக்குறைய அதே சமயத்தில் அட்ரியாமைசின் என்ற மருந்தும் இந்த நோயில் வேலை செய்வது தெரிந்தது. டெர்ரியிடம் சொல்லப்பட்ட 50 சதவீதம் இந்தச் சோதனைகளின் விளைச்சல்.

மெத்தோட்ரெக்சேட்டின் வேர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவரிடம் போய் நிற்கிறது. ஆந்திரத்தின் பீமாவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் இருந்தபோது அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் சேர்மங்களை உருவாக்கியது. அமினோப்டெரின் அதில் ஒன்று, மெத்தோட்ரெக்சேட் இன்னொன்று. அமினோப்டெரினை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், பாஸ்டனில் இருந்த சிட்னி ஃபார்பர். சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. 1948-ல் அவர் இதை வெளியிட்டபோது மருத்துவ உலகில் நம்பியவர்கள் குறைவு.

அதே 1948 மே மாதம் ஒரு வானொலி நிகழ்ச்சி. ஃபார்பரின் நோயாளியான சிறுவன் ஒருவனை, 'ஜிம்மி' என்று மாற்றுப் பெயரிட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே பேசவைத்தார்கள். தனக்குப் பிடித்த பேஸ்பால் அணியின் ஆட்டத்தைப் பார்க்க அவனுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும். ஆய்வுக்காக 20,000 டாலர் சேர்ந்தால் பெட்டி கிடைக்கும் என்றார்கள். கேட்டவர்கள் காசையும் நோட்டையும் உறையில் போட்டு அனுப்பினார்கள். 2 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்த நிதியைக் கொண்டு ஃபார்பர் வளர்த்தெடுத்த நிறுவனத்தில்தான், கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஜாஃபியும் ஃப்ரையும் வேலை செய்தார்கள்.

முன்பின் தெரியாத மனிதர்கள் ஒரு சிறுவனுக்காக அனுப்பிய சில்லறை, 29 ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டில் வேறொரு நோய்க்காரனுக்கு உயிர் வாய்ப்பாக வந்து நின்றது. ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் இப்படித்தான் போகும். கொடுத்தவர் கண்ணெதிரே பலன் தெரியாது. அதனால்தான் அதற்குக் கொடுக்க மனம் வருவது கடினம். டெர்ரிக்கு மனம் வந்தது, அந்த வழியின் மறுமுனையில் அவரே இருந்தார் என்பதால்.

ஆளுக்கு ஒரு டாலர்

அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு, அவருடைய கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். செயற்கைக் காலோடு நியூயார்க் மாரத்தான் ஓடிய டிக் டிராம் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. ஓடும் எண்ணத்தின் விதை அங்கே விழுந்தது. அதன் பிறகு 16 மாதங்கள் கீமோதெரபி. பக்கத்துக் கட்டில்களில் இருந்த பிள்ளைகளில் சிலர் வீட்டுக்குப் போகவில்லை. அவர்களை விட்டுவிட்டு நான் மட்டும் வெளியே வந்து சும்மா இருக்க முடியாது என்று முடிவு செய்தார். ஓராண்டுக்கு மேல் பயிற்சி. அதிலேயே 5,000 கிலோமீட்டர் ஓடியிருந்தார்.

1980 ஏப்ரல் 12. கனடாவின் கிழக்கு முனையில் உள்ள செயின்ட் ஜான்ஸ் நகரில் அட்லாண்டிக் கடலில் செயற்கைக் காலை நனைத்துவிட்டுப் புறப்பட்டார். பசிபிக் கடல் வரை ஓட வேண்டும். தினமும் சுமார் 42 கிலோமீட்டர், அதாவது நாளுக்கு ஒரு மாரத்தான். நண்பர் டக் ஆல்வர்ட் வேன் ஓட்டினார்; சமைப்பதும் அதில், படுப்பதும் அதில். பின்னால் தம்பி டாரலும் வந்து சேர்ந்தார். இன்றைய ஓட்டச் செயற்கைக் கால்களில் உள்ள வளைந்த தகடு அன்று கிடையாது. நல்ல காலால் இரண்டு முறை தத்தி, செயற்கைக் காலால் ஒரு எட்டு வைக்க வேண்டும். வெட்டுப்பட்ட இடம் உராய்ந்து ரத்தம் கசியும்.

ஆரம்பத்தில் சாலையோரம் ஆள் இல்லை. நியூஃபவுண்ட்லாந்தின் போர்ட் ஓ பாஸ்க் என்ற ஊரில்தான் நிலைமை திரும்பியது. சுமார் 10,000 பேர் வாழும் ஊர். 10,000 டாலர் கொடுத்தார்கள். தலைக்கு ஒரு டாலர். அப்படியானால் கனடா முழுக்க ஆளுக்கு ஒரு டாலர் ஏன் கேட்கக் கூடாது? அன்றைய மக்கள் தொகை சுமார் 2.4 கோடி. இலக்கு அதுவாயிற்று.

கியூபெக் மாகாணத்தில் செய்தி சரியாகப் போய்ச் சேரவில்லை. லாரிகள் உரசிக்கொண்டு போயின. ஒன்டாரியோவில் நுழைந்ததும் எல்லாம் மாறியது. ஜூலை மாதம் ஸ்கார்பரோ வந்தபோது நகர மன்றக் கட்டிடத்தின் முன் கூட்டம் நிரம்பியிருந்தது. நம் ஆட்கள் பெருமளவில் அங்கே குடியேறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்த கதை இது. இன்று அதே ஸ்கார்பரோவில் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் செப்டம்பரில் பள்ளியில் 'டெர்ரி ஓட்டம்' ஓடுகிறார்கள். வீட்டிலிருந்து இரண்டு டாலர் நாணயம் ஒன்று கொண்டுபோவது வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து போன பாட்டிகளுக்கும் டெர்ரி யார் என்று பேரப்பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது. 1980-ன் அந்த ஜூலையில் டொரண்டோ நகரச் சதுக்கத்தில் 10,000 பேர் கூடினார்கள். ஒரே நாளில் 1 லட்சம் டாலர் சேர்ந்தது.

வழியில் டெரேஸ் பே என்ற ஊரில் ஒரு 10 வயதுச் சிறுவன் அவரைச் சந்தித்தான். அதே நோய், அவனுக்கும் ஒரு கால் இல்லை. டெர்ரி ஓட, அவன் பின்னாலேயே சைக்கிளில் வந்தான். முழுப் பயணத்திலும் தன் மனதை மிகவும் தொட்ட நாள் அதுதான் என்று டெர்ரி சொன்னார்.

செப்டம்பர் 1. தண்டர் பே நகருக்கு வெளியே இருமல் வந்தது, நெஞ்சு வலித்தது. சாலையோரம் மக்கள் நிற்கிறார்கள் என்பதற்காக, அவர்கள் கண்ணுக்கு மறையும் வரை ஓடிவிட்டு வேனில் ஏறினார். நுரையீரலுக்குப் புற்று பரவியிருந்தது. 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர். சேர்ந்த பணம் 17 லட்சம் டாலர். அடுத்த வாரமே ஒரு தொலைக்காட்சி நிறுவனம் ஐந்து மணி நேர நிகழ்ச்சி நடத்தி ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டியது. 1981 பிப்ரவரியில் 2.417 கோடி டாலர் ஆயிற்று. ஆளுக்கு ஒரு டாலர் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஜூன் 28 அன்று, 23-வது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது டெர்ரி இறந்தார்.

அம்மா போட்ட வேலி

அவர் ஓட்டத்தை நிறுத்தியதும் இசடோர் ஷார்ப் என்ற தொழிலதிபர் தந்தி அனுப்பினார். ஃபோர் சீசன்ஸ் ஹோட்டல்களின் நிறுவனர். 1978-ல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்குத் தன் இளம் மகனைப் பறிகொடுத்தவர். ஆண்டுதோறும் உன் பெயரில் ஓட்டம் நடத்துவோம், நீ தொடங்கியது நிற்காது என்பது தந்தியின் சாரம். ஒரு தகப்பனின் துக்கம் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கனவுக்குத் தோள் கொடுத்தது. 1981 செப்டம்பர் 13 அன்று முதல் ஓட்டம். 3 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள்; 35 லட்சம் டாலர் சேர்ந்தது.

அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஓட்டம் பிழைத்து நிற்பதற்குக் காரணம் டெர்ரியின் அம்மா பெட்டி ஃபாக்ஸ் என்றே நினைக்கிறேன். ஓட்டத்தில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. நடக்கலாம், சக்கர நாற்காலியில் வரலாம். சட்டையில் நிறுவன விளம்பரம் கிடையாது. மகன் பெயரை விற்றுப் பணம் பண்ண எத்தனையோ பேர் வந்தார்கள். எல்லாரையும் வாசலோடு அனுப்பினார். ஓடும்போதே டெர்ரி சொன்ன கட்டளை அது: யாரும் இதில் லாபம் பார்க்கக் கூடாது. முப்பது ஆண்டுகள் பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசினார் பெட்டி. 2011-ல் அவர் இறந்தபோது, மகனின் பெயரைச் சொன்னால் கனடாவில் யாரும் கணக்குக் கேட்காமல் பணம் தரும் நிலை இருந்தது. இதுவரை சேர்ந்த தொகை 85 கோடி கனடிய டாலரைத் தாண்டிவிட்டது. 2007-ல் டெர்ரி ஃபாக்ஸ் ஆராய்ச்சி நிறுவனமும் தொடங்கப்பட்டது.

டெர்ரியின் நோய் என்ன ஆயிற்று?

இதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். டெர்ரி எல்லாப் புற்றுநோய்க்காகவும் ஓடினார். எல்லாப் புற்றுநோய்க்குமான நிதி அதிகம் பேருக்கு வரும் நோய்களின் பக்கம் சாய்வது இயல்பு. அவரைக் கொன்ற ஆஸ்டியோசார்கோமா இன்றும் பழைய இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை. மெத்தோட்ரெக்சேட், அட்ரியாமைசின், சிஸ்பிளாட்டின் என்ற மூன்று மருந்துகளே நாற்பது ஆண்டுகளாக அடிப்படைச் சிகிச்சை. நோய் பரவாத நிலையில் வந்தால் மூன்றில் இரண்டு பேர் பிழைக்கிறார்கள். பல பேருக்குக் காலை எடுக்காமலே கட்டியை மட்டும் அகற்றிவிட முடிகிறது. இது பெரிய மாற்றம்தான். ஆனால் நுரையீரலுக்குப் பரவிய பிறகு வருகிறவர்களுக்கு நிலைமை இன்னும் கொடுமை.

ஏன்? ஆள் குறைவு. 33 கோடிப் பேருக்கு மேல் வாழும் அமெரிக்காவிலேயே ஆண்டுக்குச் சுமார் 1,000 பேருக்குத்தான் இது வருகிறது. கூடுதல் மருந்து சேர்த்தால் பலன் உண்டா என்ற கேள்விக்கு விடை தேட, 2005 முதல் 2011 வரை 17 நாடுகள் கைகோத்து 2,200-க்கு மேற்பட்ட நோயாளிகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. கிடைத்த விடை: பலன் இல்லை.

ஐரோப்பியக் கணக்குப்படி, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 6 பேருக்கும் குறைவாக வருவது அரிய புற்றுநோய். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் துளி. ஆனால் எல்லாவற்றையும் கூட்டினால், புற்றுநோய் வருகிறவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இந்தக் கூட்டத்தில்தான் வருகிறார். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் அநேகமாக எல்லாமே அரியவை. வாங்க ஆள் குறைவு என்பதால் மருந்து நிறுவனம் வராது. அரசு நிதிக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் முதல்கட்டத் தரவு காட்ட வேண்டும். அந்தத் தரவைத் திரட்டவே பணம் வேண்டும். இளம் ஆய்வாளர் நல்ல யோசனையோடு இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு, கடைசியில் நிதி கிடைக்கும் நோயைப் பார்த்துப் போய்விடுகிறார். குடும்பங்கள் திரட்டும் பணம் வந்து விழ வேண்டிய இடம் சரியாக இதுதான்.

விழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கச் சிறுமி அலெக்ஸ் ஸ்காட் சாட்சி. முதல் பிறந்தநாளுக்கு முன்பே அவளுக்கு நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புத் திசுப் புற்றுநோய். 2000-ல், நான்கு வயதில், வீட்டு வாசலில் எலுமிச்சை ஜூஸ் கடை போட்டாள். சேரும் காசு டாக்டர்களுக்கு, என்னைப் போன்ற பிள்ளைகளுக்கு மருந்து கண்டுபிடிக்க என்றாள். அன்று சேர்ந்தது 2,000 டாலர். ஆண்டுதோறும் கடை போட்டாள். ஊர் ஊராகப் பிள்ளைகள் அவளைப் பார்த்துக் கடை போட்டார்கள். 2004 ஆகஸ்டில் எட்டு வயதில் அவள் இறந்தபோது 10 லட்சம் டாலர் சேர்ந்திருந்தது. அதன் பின் பெற்றோர் அமைத்த அறக்கட்டளை திரட்டியது 30 கோடி டாலருக்கு மேல்.

அந்தப் பணத்தின் ஒரு பகுதி பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வாளர் யாயெல் மோசேவுக்குப் போனது. பரம்பரையாக வரும் நியூரோபிளாஸ்டோமாவுக்கு ஏஎல்கே என்ற மரபணுவில் ஏற்படும் பிழையே முக்கியக் காரணம் என்று 2008-ல் அவரும் சகாக்களும் கண்டார்கள். அதே மரபணுவைக் குறிவைக்கும் கிரிசோட்டினிப் என்ற மருந்து பெரியவர்களின் நுரையீரல் புற்றுநோய்க்காக அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதிக்கலாம் என்ற வழி திறந்தது. 2021-ல், அதே ஏஎல்கே மரபணுவில் ஏற்படும் வேறொரு பிழையோடு குழந்தைகளுக்கு வரும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்கு அமெரிக்க அரசு அந்த மருந்தை அனுமதித்தது.

இன்னொன்று, ஃபைப்ரோலாமெல்லர் என்ற கல்லீரல் புற்றுநோய். கல்லீரலில் எந்தக் கோளாறும் இல்லாத பதின்வயதுப் பிள்ளைகளையும் இளைஞர்களையும் பிடிப்பது. மிக மிக அரிது. இந்த நோய் வந்த அமெரிக்க இளைஞர் ஒருவர் 2009-ல் இதற்கென்றே ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். குடும்பமும் நண்பர்களும் விடாமல் நடத்தினார்கள். இதே நோயிலிருந்து 12 வயதில் பிழைத்த ஒரு பெண், பள்ளி இறுதி வகுப்பில் இருக்கும்போது, ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானியான தன் அப்பாவோடும் தனக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவரோடும் சேர்ந்து ஆய்வில் இறங்கினார். அவர்களுக்குப் பணத்தைவிடப் பெரிய தட்டுப்பாடு கட்டித் திசு. இணையத்தில் காணொளி போட்டு நோயாளிகளைத் தேடினார் அந்தப் பெண். 15 பேரின் திசு கிடைத்தது. 15-லும் இரண்டு மரபணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே பிழை. 2014-ல் 'சயன்ஸ்' இதழில் அது வெளியானது. அந்த ஒட்டுப் புரதத்தையே குறிவைக்கும் தடுப்பூசிச் சோதனைகள் அமெரிக்காவில் தொடங்கிவிட்டன.

வெறும் 15 பேர்! அரிய நோயில் ஒவ்வொரு நோயாளியும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

நம்மிடம் முன்னுதாரணம் உண்டு

நாம் கொடுக்காதவர்கள் இல்லை. போனவர் பெயரில் முதியோர் இல்லத்தில் ஒருவேளைச் சாப்பாடு, பள்ளிக்கு மின்விசிறி, கோயிலுக்குக் கல், பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை என்று செய்துகொண்டே இருக்கிறோம். ஒரு குழந்தைக்கு மருந்து வாங்கப் பணம் வேண்டுமென்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் முன்பின் தெரியாதவர்களும் அனுப்புகிறார்கள். அது நிற்கவே கூடாது. அதோடு ஆராய்ச்சிக்கும் ஒரு பங்கு போக வேண்டும் என்பதே என் ஆசை.

துக்கத்திலிருந்து நிறுவனம் எழுப்பிய பெண்மணி ஒருவர் நம் ஊரிலேயே இருந்தார். 1923-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். மருத்துவரான அக்காவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்த நோய்க்கென்று ஒரு மருத்துவமனை கட்டியே தீருவது என்று அன்று எடுத்த முடிவு நிறைவேற முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. புற்றுநோய் என்றால் சாவுதானே, அதற்கு எதற்குத் தனி மருத்துவமனை என்று ஆட்சியில் இருந்தவர்களே நினைத்த காலம். இந்திய மாதர் சங்கத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். சிகிச்சையோடு ஆராய்ச்சியும் நடக்க வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே அதன் இலக்கணம்.

மும்பையிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1931-ல் ரத்தப் புற்றுநோய்க்கு மனைவி மெஹர்பாயை இழந்த தொராப்ஜி டாடா, அந்த நோயின் ஆராய்ச்சிக்கென்றே அவர் பெயரில் அறக்கட்டளை அமைத்தார். உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்கு அது இன்றும் உதவித்தொகை தருகிறது. அவர் பெரும் செல்வந்தர். டெர்ரியின் வழி அப்படி இல்லாதவர்களுக்கானது. டெர்ரி பெயரிலான ஓட்டம் மும்பையில் நடந்திருக்கிறது, சென்னை ஐஐடி வளாகத்திலும் நடந்திருக்கிறது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அரிய புற்றுநோயால் போன ஒருவர் பெயரில் நிதி திரட்டத் தொடங்க நினைத்தால், ஒரு விஷயத்தை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்: பணம் எந்த நோய்க்கு, எந்த ஆய்வகத்துக்கு, எந்த வேலைக்கு. 'புற்றுநோய் ஒழிப்புக்கு' என்று பொத்தாம்பொதுவாகக் கொடுத்தால் அரிய நோய்க்கு ஒன்றும் போய்ச் சேராது. யாருக்குக் கொடுப்பது என்பதை நிதி திரட்டுகிறவர்களே முடிவு செய்யாமல், துறை தெரிந்த வெளி ஆட்களிடம் விட வேண்டும். ஆய்வு தோற்றால் அதையும் கொடுத்தவர்களிடம் சொல்ல வேண்டும். 17 நாடுகள் சேர்ந்து செய்ததே தோற்றிருக்கிறது, அதில் வெட்கம் இல்லை. பெட்டி ஃபாக்ஸ் போட்ட வேலியையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பணம் கொடுக்க முடியாதவர்களும் கொடுக்கக்கூடிய ஒன்று திசு. சென்னை ஐஐடியில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இருக்கிறது; பெரிய புற்றுநோய் மருத்துவமனைகள் சிலவற்றிலும் இதற்கான ஏற்பாடு உண்டு. அறுவை சிகிச்சையில் எடுக்கும் கட்டியில் நோயறிதலுக்குப் போக மிஞ்சும் துண்டை, நோயாளி எழுத்தில் சம்மதித்தால், உறையவைத்துப் பல ஆண்டுகள் பாதுகாக்கலாம். ஆனால் உடலிலிருந்து எடுத்த சிறிது நேரத்திலேயே உறையவைத்தால்தான் மரபணு ஆய்வுக்கு அது முழுமையாகப் பயன்படும். எனவே மருத்துவரிடம் இந்தப் பேச்சை அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.